கிரவுன் பினியனை வீட்டிலேயே மாற்றலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் வாகனப் பக்கத்தில், பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியனை, அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடியை, வண்டிக்காரரே வீட்டில் மாற்றிக்கொள்ளலாம், பட்டறைக் கூலி மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருத் தம்பி ஒருவர் பழைய டீசல் அம்பாசடர் ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டு, "மாமா, நாமளே இறங்கிடலாமா?" என்று கேட்டார். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பாதி வேலையை அவர் தாராளமாகச் செய்யலாம். மீதியை, அதில் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதை உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் டூரிஸ்ட் அம்பாசடர் ஓட்டிப் பிழைத்தவன். பெரும்பாலும் நவக்கிரகக் கோயில் சுற்று. விடியும் முன்பே திங்களூர், அப்புறம் ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், பொழுது சாயும்போது திருநள்ளாறு. வண்டி நிறைய ஆள், டிக்கி நிறைய சாமான். அந்தப் பாரத்தில் பெரும்பங்கு பின் ஆக்சில் மேல்தான் உட்காரும். வண்டி பட்டறையில் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. அதனால் வண்டியை விட்டுவிட்டு டீக்கடையில் உட்காரும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை. கூடவே நின்று, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பார்த்துப் பழகியதைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இன்றைக்குத் தெருவில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன் சக்கரம் இழுத்து ஓடுபவை. அவற்றின் பின்பக்கத்தில் இந்தக் கியரே கிடையாது. இந்தப் பேச்செல்லாம் அம்பாசடர், பழைய மகேந்திரா ஜீப், ஆம்னி, ஈகோ, சுமோ மாதிரி பின் சக்கரம் தள்ளி ஓடும் வண்டிகளுக்கு. எஞ்சின் சுழற்சி, வண்டிக்கு அடியில் ஓடும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாக, ஜோடியில் சின்னதான பினியனுக்கு வருகிறது. பினியன் பெரிய பல்சக்கரமான கிரவுனைச் சுற்றுகிறது, கிரவுன் இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்டையும் சுற்றுகிறது. பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக வராமல் சற்றுக் கீழே இறங்கி வந்து கடிக்கும். இதை ஹைப்பாய்டு என்பார்கள். இந்த அமைப்பில் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. சத்தம் குறையும், பலம் கூடும். ஆனால் பொருத்தம் பிசகினால் பல்லுக்கு நடுவே ஆயில் நிற்காது, பல் சூடேறித் தேய்ந்துவிடும்.

கிரவுன் உண்மையிலேயே போய்விட்டதா என்று தெரிந்துகொள்வதற்கு முன் யாரும் ஸ்பானரைத் தொட வேண்டாம். பின்னால் சத்தம் என்றவுடன் "கிரவுன் போச்சு" என்று முடிவு கட்டுவதைப் பட்டறைகளிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் கேளுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அந்தச் சத்தம் மாறினாலோ அடங்கினாலோ கிரவுன் பினியன் மேல் சந்தேகப்படலாம். மிதித்தாலும் எடுத்தாலும் நியூட்ரலில் உருண்டாலும் ஒரே மாதிரி இரைந்தால் சக்கர பேரிங்கையும் டயரையும் பாருங்கள். சாலை மாறியதும் சத்தம் மாறினால் அது டயர். கிளம்பும்போது 'டொக்' என்று ஒரு அடி விழுந்தால் பெரும்பாலும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இணைப்பில் இருக்கும் கிராஸ். வளைவில் மட்டும் முனகினால் கிரவுனோடு உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களான ஸ்டார் பினியன் அல்லது அந்தப் பக்கத்துச் சக்கர பேரிங். கிராஸ் மாற்றுவது கொஞ்ச நேர வேலை. அதை விட்டுவிட்டு ஆக்சிலைப் பிரித்தால் காசும் போகும், நன்றாக இருந்த பொருத்தமும் கெடும்.

அப்புறம், நம் டெல்டாவுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது: தண்ணீர். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் திருவெண்காட்டுப் பக்கமும் கீழப்பெரும்பள்ளத்துப் பக்கமும் தாழ்ந்த சாலைகளில் வாய்க்கால் தண்ணீர் ஏறி நிற்கும். ஓடி வந்த வண்டியின் ஆக்சில் ஹவுசிங், அதாவது கிரவுன் பினியனை மூடியிருக்கும் இரும்புக் கூடு, கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அது அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். ஹவுசிங் மேலே பிரீதர் என்று ஒரு சின்னத் துளை இருக்கிறது. காற்று வந்து போவதற்கென்று வைத்தது. பல வண்டிகளில் அதில் சேறோ குளவிக்கூட்டு மண்ணோ அடைத்துக் கிடக்கும். அப்போது ஆயில் சீல் ஓரத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பிரீதரே தண்ணீருக்குள் மூழ்கிவிட்டால் அது திறந்திருந்தும் பயனில்லை, அதன் வழியாகவே தண்ணீர் போய்விடும். தண்ணீர் கலந்த ஆயில் பால் விட்ட காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அது பல்லைக் காப்பாற்றாது. வண்டி சும்மா நிற்கும் நாட்களில் பேரிங் உருளைகளில் துரு பிடிக்கும். தை மாதம் சாலையெல்லாம் காய்ந்த பிறகுதான் ஊளை கேட்க ஆரம்பிக்கும், அதற்குள் தண்ணீரில் போனதே நமக்கு மறந்திருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு நிவாரண அரிசி ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போய் வந்தேன். உப்பளத்துச் சாலைகளில் தேங்கிய தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து வண்டியை ராத்திரி முழுக்க அசையாமல் நிறுத்திவைத்தேன். காலையில் ஹவுசிங்கின் வடிப்பு பிளக்கை மெதுவாகத் தளர்த்தினேன். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர்தான் சொட்டியது. தண்ணீர் கனம் என்பதால் அடியில் தங்கும், அதனால் அதுதான் முதலில் வரும். அன்றைக்கே ஆயிலை மாற்றி, சீலையும் மாற்றி, பிரீதரைக் குத்திச் சுத்தம் செய்ததால் அந்தக் கிரவுன் தப்பித்தது. வண்டி வைத்திருக்கும் யாரும் இதைத் தன் கையாலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். இதற்கு எந்தப் பட்டறையும் தேவையில்லை.

சரி, சோதித்துப் பார்த்தாகிவிட்டது, பல் உடைந்திருக்கிறது அல்லது மேல்தோல் பொரிந்து குழி விழுந்திருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வண்டி எந்த வகை என்று பாருங்கள். அம்பாசடரில் டிரம்மைக் கழற்றி ஆக்சில் ஷாஃப்டுகளை இரண்டு பக்கமும் வெளியே இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிரித்தால், கிரவுனும் பினியனும் பேரிங்குகளோடு ஒரே அசெம்பிளியாக ஹவுசிங்கின் முன்பக்கமாக இறங்கி வந்துவிடும். அதை மேசைமேல் வைத்து வெளிச்சத்தில் வேலை பார்க்கலாம். பழைய மகேந்திரா ஜீப்பில் அப்படி இல்லை. பின்னால் மூடியைக் கழற்றினால் கிரவுன் தெரியும், ஆனால் பொருத்தும் வேலை முழுவதையும் வண்டிக்கு அடியிலேயே, ஹவுசிங்குக்குள்ளேயே செய்ய வேண்டும். ஜீப் வைத்திருக்கும் புதியவர்களுக்கு நான் சொல்வது, பிரிக்கவே பிரிக்காதீர்கள். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் என்றால் முன் ஆக்சிலின் பல் கணக்கும் பின் ஆக்சிலின் பல் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

அம்பாசடர் வகை என்றால் கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் வேலை. ஆனால் வீட்டு வாசல் மண்ணில் செய்யாதீர்கள். நம் வண்டல் மண் ஒரு மழை பெய்தால் ஜாக்கியை அப்படியே விழுங்கும். சிமெண்ட் களம் இருந்தால் அங்கே செய்யுங்கள், இல்லாவிட்டால் கனமான பலகை போட்டு அதன்மேல் ஸ்டாண்டை வையுங்கள். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். செங்கல் அடுக்கி அதன்மேல் ஆக்சிலை நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லாமல் உடையும், அடியில் ஆள் படுத்திருப்பார். அசெம்பிளி இறங்கும்போது நல்ல கனம். கூட ஒருவர் இல்லாமல் அதை இறக்க வேண்டாம். இன்னொன்று, அறுவடைக் காலத்தில் களத்தில் இந்த வேலையை வைக்காதீர்கள். தூற்றும் பதரும் தூசியும் திறந்த ஹவுசிங்குக்குள் போனால் புது பேரிங்கும் நாலு மாதம் தாங்காது. கழற்றிய ஹவுசிங்கை டீசல் ஊற்றிக் கழுவி, அடியில் படிந்த இரும்புத் துகளையெல்லாம் துடைத்தெடுங்கள். கடைசிப் பொடி வரை எடுக்க வேண்டும். பட்டறைப் பையன்கள் அவசரத்தில் தாண்டிவிடும் வேலை இது, சொந்த வண்டிக்காரர் நிதானமாகச் செய்வார். ஆக்சில் ஷாஃப்ட் சீல்களையும் கையோடு மாற்றிவிடுங்கள். அவை கசிந்தால் ஆயில் பிரேக் ஷூவில் இறங்கும், அந்தப் பக்கம் பிரேக் பிடிக்காது.

இதற்கு மேல், பினியனையும் கிரவுனையும் ஒன்றோடொன்று உட்கார வைக்கும் வேலைதான் நான் கோடு போடும் இடம். புது கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று ஓடவிட்டுத் தேய்த்து ஜோடி சேர்த்தவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும், வாங்கும்போதே பாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது, வேறொரு ஜோடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவது எல்லாம் கூடவே கூடாது. அந்த ஜோடி உங்கள் ஹவுசிங்கில் எந்த ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் தீர்மானிக்கிறது. பற்களுக்கு இடையே விட வேண்டிய பிளே, அதாவது இடைவெளி, பொதுவாக 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பார்க்க வேண்டும். உங்கள் நாளிதழின் இரண்டு தாளைச் சேர்த்துப் பிடித்தால் என்ன கனமோ ஏறக்குறைய அவ்வளவு. இதைக் கையால் ஆட்டிப் பார்த்து யாரும் சொல்ல முடியாது, முள் வைத்து நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜ் வேண்டும்.

என் வண்டிக்கு இந்த வேலை செய்து கொடுத்த பெரியவர் தஞ்சாவூரில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பினியனை மட்டும் பேரிங்கோடு மாட்டி நட்டை இறுக்கினார். அதன் வெளி முனையில் இருக்கும் வட்டத் தட்டான ஃபிளேஞ்சில் நூலைச் சுற்றி, நூல் நுனியை ஒரு ஸ்பிரிங் தராசில் கோத்து மெதுவாக இழுத்தார். பினியன் சீராகச் சுழலும்போது தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். பேரிங் இறுக்கத்தை அவர் அளந்த விதம் அது. புது பேரிங்குக்கு ஒரு கணக்கு, ஓடிய பேரிங்குக்கு அதைவிடக் குறைந்த கணக்கு. சில வண்டிகளில் இரண்டு பேரிங்குக்கு நடுவில் இருக்கும் ஸ்பேசர் என்னும் சின்னக் குழாய் இறுக்க இறுக்க நசுங்கி அந்த இறுக்கத்தைக் கொடுக்கும். அந்த வகையில் நட்டை ஒரு இழை கூடுதலாக இறுக்கிவிட்டால் திருப்பித் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, புது ஸ்பேசர்தான் போட வேண்டும். உங்கள் கட்டுரை "நட்டை நன்றாக இறுக்கவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்ட இடம் இதுதான்.

அப்புறம் கிரவுனை ஏற்றினார். பேரிங் மூடிகள் இடம் மாறக்கூடாது என்பதால் கழற்றும்போதே பஞ்ச் வைத்து இடப்பக்கத்துக்கு ஒரு புள்ளி, வலப்பக்கத்துக்கு இரண்டு புள்ளி அடித்து வைத்திருந்தார். கிரவுனில் நாலைந்து பல்லில், பல் படும் இடத்தைக் காட்டும் நீல மையான பிளூவை மெல்லியதாகத் தடவினார். ஒரு கையால் கிரவுனைத் தடுத்துப் பிடித்து, மறு கையால் பினியனை முன்னும் பின்னும் சுற்றினார். பிளூ விலகிய இடத்தில் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அந்த அச்சுப் பல்லின் உச்சி விளிம்பை ஒட்டி இருந்தது. "பினியன் வெளியே நிக்குது தம்பி" என்றார். எல்லாவற்றையும் திரும்பக் கழற்றி, கொஞ்சம் கனமான ஷிம் போட்டு, மறுபடி மாட்டி, மறுபடி பிளூ தடவினார். இப்போது அச்சு கீழே இறங்கியது, ஆனால் பல்லின் உள் முனைக்கு ஒதுங்கி நின்றது. கிரவுனைப் பினியனிலிருந்து சற்றே விலக்கினார். திரும்ப டயல் கேஜ், திரும்ப பிளூ. கடைசியில் அச்சு நீள்வட்டமாகப் பல்லின் நடுவில், உச்சியையும் தொடாமல் அடியையும் தொடாமல் வந்து நின்றது. பல்லின் மறுபக்கத்தையும் பார்த்தார், வண்டி உருளும்போது கடிக்கும் பக்கம் அது. மத்தியானம் தாண்டிவிட்டது, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவர் கேட்ட கூலி ஒரு பைசா கூட அதிகமில்லை என்று அன்றைக்கே தோன்றியது, இன்றைக்கும் அதே எண்ணம்தான்.

இந்த வேலையை வீடியோ பார்த்துச் செய்யலாமா என்றால், லேத்திலோ ஃபிட்டிங்கிலோ கை பழகியவர், டயல் கேஜும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும், பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ்ஸும் கிடைக்கிறவர், பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால், வண்டி ஒரு வாரம் நின்றாலும் பரவாயில்லை என்கிறவர் செய்யலாம். இதெல்லாம் இல்லாதவர் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்ப் புது செட்டையே பாழாக்குவார். தப்பாகப் பொருத்திய கிரவுன் உடனே சொல்லாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிப் பல் தன் தப்பான தடத்தில் தேய்ந்த பிறகுதான் ஊளையிடும். அதற்கப்புறம் எந்தக் கெட்டிக்காரர் வந்தாலும் அந்த ஜோடியை மீட்க முடியாது.

பட்டறை என்றாலே சரியாகச் செய்வார்கள் என்றும் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருடைய வண்டிக்கு ஒரு பட்டறையில் புது கிரவுன் போட்டார்கள். டயல் கேஜ் வைக்கவில்லை, பிளூ தடவவில்லை, 'கைப்பதம்' என்று சொல்லி இறுக்கி அனுப்பிவிட்டார்கள். பிரீதரையும் திறந்து பார்க்கவில்லை. அடுத்த மழைக்கே வண்டி திரும்பப் பட்டறைக்கு வந்தது. ஆகவே வேலையைக் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: பிளே எவ்வளவு வைப்பீர்கள், எதை வைத்து அளப்பீர்கள், ஹவுசிங்கில் ஏற்றும் முன் பல் அச்சை எனக்குக் காட்டுவீர்களா. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் கொடுக்காதீர்கள். காட்டுகிறவரிடம் கூலி பேரம் பேசாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. புது கிரவுன் செட் தேடி அலைவதைவிட, உடைத்த வண்டியிலிருந்து முழு அசெம்பிளியாக வாங்குவது பல நேரம் நல்லது. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடலாம். ஏற்கெனவே ஒன்றோடொன்று ஓடிப் பழகிய ஜோடி, பொருத்தம் கலையாமல் அப்படியே வரும். உங்கள் வண்டிக்கு உரிய பல் கணக்குதானா என்று எண்ணிப் பாருங்கள். விரலால் ஒவ்வொரு பல்லையும் தடவிக் குழி இருக்கிறதா என்று பாருங்கள், பினியனைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் விட்டுவிடுங்கள். தெருத் தம்பிக்கு நான் சொன்ன யோசனையும் இதுதான். கழற்றுவதும் கழுவுவதும் மாட்டுவதும் அவர் ஆசைப்படி அவர் கையாலேயே நடக்கும், ஷிம் பக்கம் போகவே வேண்டியதில்லை.

ஆயில் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஹைப்பாய்டு கிரவுனுக்கு ஜிஎல்-5 என்று டப்பாவில் போட்டிருக்கும் கியர் ஆயில்தான், மேனுவல் சொல்லும் கிரேடில், நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். மிஞ்சியதைக் கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள், அதற்கு வேறு ஆயில் சொல்லியிருப்பார்கள். புது செட் போட்டால் முதல் நாள் பாரமில்லாமல் 15, 20 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 800 கிலோமீட்டர் வரை அதிக பாரம் வேண்டாம், அதன் பிறகு ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடித்த ஆயிலில் மினுமினுக்கும் பொடி கொஞ்சம் இருந்தால் பயமில்லை. சில்லு இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

டெல்டா மாவட்டங்களின் அரசு ஐடிஐ முதல்வர்களிடம் உங்கள் நாளிதழ் மூலமாக ஒன்று கேட்க விரும்புகிறேன். மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பிள்ளைகள் இரண்டு ஆண்டு படிக்கிறார்கள். அங்கே இருக்கும் டயல் கேஜும் பிரஸ்ஸும் விடுமுறை நாளில் பூட்டிக்கிடக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, வெளியில் கழற்றிக் கொண்டுவரும் அசெம்பிளிகளை மாணவர்கள் ஆசிரியர் கண்பார்வையில் அளந்து பொருத்திக் கொடுக்கலாம், அதற்கு நியாயமான கட்டணமும் வாங்கலாம். பிள்ளைகளுக்குப் பழக்கமாகும், எங்களைப் போன்றவர்களுக்கு நம்பிக்கையான இடம் கிடைக்கும்.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். அந்தத் தொடரின் அடுத்த பகுதியில் பல் அச்சின் படங்களைப் போடுங்கள்: சரியானது ஒன்று, பினியன் ஆழமாகப் போனது ஒன்று, வெளியே நின்றது ஒன்று. அதோடு பிரீதரையும் ஆக்சில் ஆயிலையும் சோதிக்கும் முறையைத் தனிப் பெட்டியாக, ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
நாச்சியார்கோயில்.